பெயர் ஹெம்ப், செடி கஞ்சா: ஒரு பூவின் இரசாயனமும் சட்டமும்

பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகும் எனக்குக் கேள்விகள் ஓய்வதில்லை. வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவ பக்கத்துக் குடும்பங்களில் பலருக்கு வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலருக்கு ஐரோப்பாவிலும் உறவினர் உண்டு. அவர்கள் அனுப்பும் பொருட்களோடு சந்தேகங்களும் வந்து சேர்கின்றன. அண்மைக் காலமாக அடிக்கடி வரும் கேள்வி இது:

"சேர், இது கஞ்சா இல்லயாம். பெக்கட்டிலயே ஹெம்ப் எண்டு எழுதி ஈக்கிது. போதை இல்லயாம். உம்மாட முழங்கால் வலிக்கு மகன் எண்ணெய் கொண்டு வரப் போறாராம், கூட்டாளிமாருக்குப் பூவும் கேட்டு ஈக்கிறாங்களாம். பரவால்லயா?"

இந்த ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பூவுக்குள் என்ன இருக்கிறது? சட்டம் என்ன சொல்கிறது? மார்க்கம் என்ன சொல்கிறது? மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. "அமெரிக்காவில சட்டப்படி விக்கிறாங்க, அப்ப போதை இல்ல, அப்ப ஹலால்தானே" என்று ஒரே மூச்சில் மூன்று படிகளையும் தாண்டி விடுகிறோம். ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்ப்போம்.

பெயரிலிருந்து தொடங்குவோம்

அகராதியில் ஹெம்ப் என்பதற்குச் சணல் என்று போட்டிருப்பார்கள். சாக்குத் தைக்கும் சணல் வேறு தாவரம். வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளையாக விதைக்கும் சணப்பு இன்னொரு தாவரம். இவை இரண்டுக்கும் கஞ்சாவோடு எந்த உறவும் கிடையாது. ஆகவே, "ஹெம்ப் எண்டா சணல்தானே, சாக்குச் செடிதானே" என்று நினைப்பவர் அகராதியால் ஏமாற்றப்படுகிறார்.

இன்று வெளிநாடுகளில் பூவாகவும் எண்ணெயாகவும் விற்கப்படும் ஹெம்ப், கஞ்சாச் செடியேதான். தாவரவியலில் இரண்டுக்கும் பெயர் ஒன்று: கனபிஸ் சட்டைவா. நாருக்கும் விதைக்கும் நெடுங்காலமாக வளர்க்கப்பட்ட வகைகளில் போதைப் பொருள் குறைவாகவும், பூவுக்காக வளர்க்கப்பட்ட வகைகளில் அது கூடுதலாகவும் இருக்கும். ஒரே மாமரத்தில் புளிப்பு வகையும் இனிப்பு வகையும் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். எங்கே கோடு கிழிப்பது என்பது மனிதர் எடுத்த முடிவு.

அந்தக் கோடுதான் 0.3 சதவீதம். கனடாவைச் சேர்ந்த தாவரவியலாளர் ஏர்னஸ்ட் ஸ்மோல், ஆர்தர் குரோன்குவிஸ்ட் என்பவரோடு சேர்ந்து 1976-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், வகைப்படுத்தும் வசதிக்காக, இளம் இலையின் உலர் நிறையில் 0.3 சதவீதம் என்று ஓர் எல்லையை வைத்தார். அது தாங்கள் தெரிவு செய்த எண், இயற்கை போட்ட எல்லை அல்ல என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. தாவரவியலாளர் ஒருவரின் அந்த அளவுகோல் பின்னாளில் பல நாடுகளின் சட்டமாகிவிட்டது.

பூவுக்குள் இருப்பது

கஞ்சாவின் பெண் பூவில் கண்ணுக்குச் சர்க்கரைத் துகள்போலத் தெரியும் நுண்ணிய சுரப்பி மயிர்கள் உண்டு. பிசின் அங்கேதான் சுரக்கிறது. அந்தப் பிசினில் உள்ள சேர்மங்களில் இரண்டை நாம் அறிந்தால் போதும்.

ஒன்று டி.எச்.சி. போதை தருவது இதுதான். 1964-இல் இஸ்ரேலில் காவோனி, மெக்கூலம் என்ற இரு விஞ்ஞானிகள் இதைத் தூய நிலையில் பிரித்து அதன் கட்டமைப்பை வெளியிட்டார்கள். மூளை நரம்புகளில் சி.பி.1 என்ற ஏற்பி ஒன்று இருக்கிறது. டி.எச்.சி. அதில் போய் உட்கார்ந்து, ஞாபகம், நேர உணர்வு, கவனம் ஆகியவற்றைக் குழப்புகிறது. மற்றது சி.பி.டி. மூலக்கூற்று நிறையில் இரண்டும் ஒன்றுதான், அணுக்கள் கோக்கப்பட்ட விதம்தான் வேறு. அந்தச் சிறு வேறுபாட்டால் சி.பி.டி. அந்த ஏற்பியை அதேபோல இயக்குவதில்லை. அதனால் போதை தருவதில்லை.

இதுவரைக்கும் பெக்கட் சொல்வது சரிபோலத்தான் இருக்கும். ஆனால் பச்சைச் செடியில் டி.எச்.சி. மிகக் குறைவாகவே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடும் போதை தரும் கஞ்சாவிலும் அப்படித்தான். செடி தயாரிப்பது டி.எச்.சி.ஏ. என்ற அமிலத்தை. அந்த அமிலம் அப்படியே இருக்கும்வரை போதை தராது. சூடாக்கினால் அதிலிருந்து ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறு கழன்று போய்விடும். மிஞ்சுவது டி.எச்.சி.

தேயிலைத் தோட்டத்துக்காரருக்கு இது புதிய விஷயமல்ல. பச்சைக் கொழுந்தைக் கையில் கசக்கினால் கறுப்புத் தேயிலையின் நிறமும் இல்லை, மணமும் இல்லை. வாட்டி, அரைத்து, புளிக்க வைத்து, அடுப்பில் காய்ச்சி எடுக்கும்போதுதான் அவை பிறக்கின்றன. அதற்காகக் கொழுந்துக் கூடையைப் பார்த்து "இதுல தேயிலை இல்ல" என்று எந்தக் கங்காணியும் சொல்ல மாட்டார்.

இப்போது கணக்குக்கு வருவோம். டி.எச்.சி.ஏ.யின் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 358.5. காபனீரொட்சைட்டின் 44 போக, டி.எச்.சி. 314.5. 314.5-ஐ 358.5-ஆல் வகுத்தால் 0.877. அதாவது 100 மில்லிகிராம் டி.எச்.சி.ஏ. முழுதாக மாறினால் 87.7 மில்லிகிராம் டி.எச்.சி. கிடைக்கும்.

உதாரணமாக, ஒரு பெக்கட்டில் "டெல்டா-9 டி.எச்.சி. 0.25 சதவீதம்" என்று பெரிதாகவும், "டி.எச்.சி.ஏ. 18 சதவீதம்" என்று சிறிதாகவும் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். 18-ஐ 0.877-ஆல் பெருக்கினால் 15.8. அதோடு 0.25-ஐக் கூட்டினால் 16 சதவீதம் ஆகிறது. ஒரு கிராம் பூவில் 160 மில்லிகிராம். பற்றவைத்த நுனியில் வெப்பம் பல நூறு பாகை. பற்றவைத்த கணமே மாற்றம் நடந்துவிடும். கொஞ்சம் எரிந்து வீணாகும் என்றாலும், அது கஞ்சாப் புகைதான். பெரிய எழுத்தில் போட்ட 0.25 பொய்யல்ல. பூ ஆறிக் கிடக்கும்போது அளந்த அளவு அது, அவ்வளவுதான்.

உண்மையிலேயே டி.எச்.சி.ஏ. குறைந்த, சி.பி.டி. கூடிய பூவும் சந்தையில் உண்டு. அதில் போதை பெரிதாக இராது. பிரச்சினை என்னவென்றால், இரண்டு பூவும் பார்வைக்கு ஒன்று, மணத்துக்கு ஒன்று. நுணுக்குக்காட்டியில் தெரியும் மயிர்களும் ஒன்று. உலகெங்கும் பொலிஸார் பாவிக்கும் டுக்கெனுவா-லெவின் நிறப் பரிசோதனையில் இரண்டும் ஊதா நிறம் காட்டும். வேறுபாடு தெரிய ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

சி.பி.டி. தானும் முற்றாக அப்பாவி அல்ல. அமிலம் சேர்த்துப் பக்குவம் செய்தால் அதிலிருந்து டெல்டா-8 டி.எச்.சி. என்ற போதைப் பொருளைத் தயாரிக்கலாம். அமெரிக்காவில் மிட்டாய்களில் கலந்து விற்கப்பட்டது பெரும்பாலும் இப்படித் தயாரான பொருள்தான்.

மற்ற நாடுகள் போட்ட கோடு

அமெரிக்காவின் 2018-ஆம் ஆண்டு விவசாயச் சட்டம், உலர் நிறையில் டெல்டா-9 டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டாத கஞ்சாச் செடியை ஹெம்ப் என்று பெயரிட்டுத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. வரைவிலக்கணத்தில் டி.எச்.சி.ஏ. பற்றிய பேச்சு இல்லை. வியாபாரிகள் அந்த இடைவெளிக்குள் நுழைந்தார்கள். நான் மேலே கணக்குப் போட்டுக் காட்டிய மாதிரியான பூ "சட்டபூர்வ ஹெம்ப்" என்ற பெயரில் கடைக்கு வந்தது இந்த வழியால்தான். 2025 நவம்பர் 12-இல் கையொப்பமான சட்டம் அந்த இடைவெளியை மூட முனைகிறது. டி.எச்.சி.ஏ.யையும் சேர்த்து மொத்த டி.எச்.சி.யைக் கணக்கிட வேண்டும், நுகர்வோருக்கு விற்கும் ஒரு கொள்கலத்தில் அது 0.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அதன் விதி. நடைமுறைக்கு ஓர் ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் பயிருக்கு 0.3 சதவீதம் என்று வைத்திருக்கிறது. 2020 நவம்பரில் அதன் நீதிமன்றம், செடியிலிருந்து எடுத்த சி.பி.டி.யைப் போதைப்பொருளாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுச் சட்டமோ பூவை நேரடியாகக் குறிக்கிறது. பூத்த அல்லது காய்த்த நுனிதான் அங்கே கஞ்சா. நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரைவிலக்கணத்தில் சேராது. வட இந்தியாவில் பாங்கு விற்பனைக்கு இடம் கிடைத்தது இதனால்தான். 2018-இல் உத்தரகாண்ட் மாநிலம் 0.3 சதவீத எல்லையோடு நாருக்கான பயிருக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியது.

ஆகவே ஒரே பூ ஒரு நாட்டில் மரக்கறிபோலக் கடையில் இருக்கும், அடுத்த நாட்டில் சிறைக்கு அனுப்பும். பெக்கட்டில் எழுதியிருப்பது அது தயாரான நாட்டின் சட்டம். நாம் இறங்கும் விமான நிலையத்தின் சட்டம் அதில் எழுதியிருக்காது.

நம் நாட்டுச் சட்டம்

இலங்கையில் இதை ஆள்வது 1929-ஆம் ஆண்டின் 17-ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984-இல் வந்த 13-ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. ஆங்கில மூலத்தைப் படிப்பவர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் கஞ்சாச் செடியைக் குறிக்கும் இடத்திலேயே "ஹெம்ப் செடி" என்ற சொல்லைத்தான் பாவிக்கிறது. பிரித்தானியர் காலத்துச் சட்டமொழியில் இந்திய ஹெம்ப் என்றால் கஞ்சா. 0.3 என்றோ 0.2 என்றோ எந்தச் சதவீதக் கோடும் அதில் கிடையாது. உரிமம் இல்லாமல் அந்தச் செடியைப் பயிரிடுவதும் அதன் பாகங்களை வைத்திருப்பதும் குற்றம்.

ஆகவே "சேர், இது கஞ்சா இல்ல, ஹெம்ப்" என்று கட்டுநாயக்கவில் ஒருவர் சொன்னால், சட்டத்தின் சொல்லாலேயே ஒப்புக்கொண்டவர் ஆகிறார். வெளிநாட்டு ஆய்வுகூடத்தின் சான்றிதழைக் காட்டினாலும், சி.பி.டி. கூடிய பூவுக்கென்று இங்கே தனிவழி இல்லை.

இதற்கு மாறாக இரண்டு செய்திகள் மக்கள் மனதில் பதிந்திருக்கின்றன. முதலாவது, ஆயுர்வேதம். கஞ்சா நம் நாட்டு வைத்தியத்தில் இருப்பது உண்மை. உரிய அனுமதியோடு ஆயுர்வேத மருந்துத் தயாரிப்புக்கு அது பயன்படுகிறது. 2017-இல் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன, மருந்துக்கென்றே 100 ஏக்கரில் கஞ்சா பயிரிடும் யோசனையை வெளியிட்டார். வைத்தியர்களுக்குக் கிடைப்பது நீதிமன்றங்களில் பறிமுதலான கஞ்சா என்றும், கைக்கு வரும்போது அது நான்கைந்து வருடம் பழசாகி வீரியம் இழந்துவிடுகிறது என்றும் அவர் காரணம் சொன்னார். இரசாயனமும் அதைத்தான் சொல்கிறது. காற்றும் வெளிச்சமும் பட்டு டி.எச்.சி. மெல்ல மெல்ல ஒட்சியேற்றமடைந்து சி.பி.என். என்ற வீரியம் குறைந்த பொருளாகிறது.

ஆயுர்வேதம் என்ற பெயரின் நிழலில் நடக்கும் இன்னொன்றும் உண்டு. மதன மோதகம் என்று சிறு பெக்கட்டுகளில் விற்கும் உருண்டையைப் பாடசாலைப் பிள்ளைகள் வாங்கித் தின்பது பற்றிப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். மூலத் தயாரிப்பில் கஞ்சா நெய்யில் பக்குவப்படுத்தப்படுகிறது. நெய்யின் சூடு அமிலத்தை டி.எச்.சி.யாக மாற்றும். டி.எச்.சி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பழைய வைத்தியர்கள் அனுபவத்தால் கண்டுகொண்ட இரசாயனம் இது. ஒரு வைத்தியர் நோயாளிக்கு அளந்து கொடுப்பதும், பதினைந்து வயதுப் பிள்ளை வகுப்புக்கு முன் இரண்டு உருண்டை விழுங்குவதும் ஒன்றாகாது.

இரண்டாவது செய்தி, மீரிகம. ஏற்றுமதிக்காக மட்டும் அங்கே 64 ஏக்கரில் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர் ஏழு பேருக்கு அனுமதி என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. அதைக் கேட்டு, "இப்ப கஞ்சா சட்டமாயிட்டுதானே" என்று சொல்பவர்கள் நம் ஊரிலும் உண்டு. வேலிக்குள் அரச கண்காணிப்பில் நடக்கும் ஏற்றுமதி, வேலிக்கு வெளியே இருப்பவருக்கு ஒரு கிராம் உரிமையையும் கொடுக்காது.

பயணப்படும் பிள்ளைகளுக்கு

தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாப் பூவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மீண்டும் இறுக்கியது. இந்த இடைவெளியில் பாங்கொக்கிலிருந்து வந்த பயணப் பைகளில் "குஷ்" என்ற பெயரில் கட்டுநாயக்கவில் பிடிபட்டது, டி.எச்.சி. கூடிய கஞ்சாப் பூதான். அங்கே கடையில் பகிரங்கமாக வாங்கியது என்ற வாதம் இங்கே எடுபடாது.

வளைகுடா இன்னும் கடுமை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரியில் அமுலுக்கு வந்த சட்டம், டி.எச்.சி. கலந்த உணவு, பானம் போன்றவற்றோடு முதன்முறை வந்திறங்கும் பயணியிடம் பொருளைப் பறிமுதல் செய்வதோடு விடும் ஓர் இளக்கத்தைத் தந்தது. அது பூவுக்கான அனுமதி அல்ல. சவூதி அரேபியா 2022 நவம்பரில் போதைப்பொருள் குற்றங்களுக்கான மரண தண்டனையை மீண்டும் நிறைவேற்றத் தொடங்கியது. வீட்டு வேலைக்கும் சாரதி வேலைக்கும் போன பிள்ளை, தெரிந்தவர் கொடுத்த பொட்டலத்தைப் "பூதானே" என்று கொண்டு போனால், அங்கே அதை விளக்கிச் சொல்லக்கூட மொழி இராது.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. தயாரிப்புகளை வாங்கிச் சோதித்து 2017-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 31 சதவீதத்தில்தான் லேபலில் சொன்ன அளவு சரியாக இருந்தது. 18 தயாரிப்புகளில் டி.எச்.சி.யும் இருந்தது. அப்படிப்பட்ட எண்ணெயைத் தொடர்ந்து பாவித்தவரின் சிறுநீர்ப் பரிசோதனை "பொசிட்டிவ்" என்று வரலாம். வேலைக்கான மருத்துவச் சோதனையில் அந்த ஒரு சொல்லே போதும். சி.பி.டி. மருந்தாகவும் உண்டு. சிறுபிள்ளைகளுக்கு வரும் அரிய வலிப்பு நோய்களுக்காக 2018-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதை அங்கீகரித்தது. அதே சி.பி.டி. ஈரல் நொதியங்களை உயர்த்தக் கூடும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவருக்கு அந்த மருந்தின் வீரியத்தைக் கூட்டி, இரத்தக் கசிவுக்கு வழிவிடக் கூடும். முழங்கால் வலிக்கு யாரோ சொன்னதைக் கேட்டு உம்மாவுக்குக் கொடுக்கும் பொருளல்ல அது.

மார்க்க அறிஞர் பார்த்த விதம்

ஃபத்வா கொடுப்பது ஆலிம்களின் வேலை. அவர்கள் முன்பு எப்படிச் சிந்தித்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். ஹஷீஷ் நபி (ஸல்) அவர்கள் காலத்து அரபு நாட்டில் பேசப்பட்ட பொருளல்ல. ஹிஜ்ரி 6-ஆம், 7-ஆம் நூற்றாண்டுகளில் அது முஸ்லிம் நகரங்களில் பரவியபோது, அறிஞர்களுக்கு முன் புதுக் கேள்வி எழுந்தது. இது மது அல்ல, திரவமும் அல்ல, ஒரு செடி. அவர்கள் பெயரை விட்டுவிட்டு அது அறிவுக்கு என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். போதை தரும் அனைத்தும் விலக்கு என்ற நபிமொழியையும், போதையோடு சோர்வை உண்டாக்குவதையும் தடுத்ததாக உம்மு ஸலமா (ரழி) அறிவித்து அபூதாவூதில் பதிவான நபிமொழியையும் ஆதாரமாகக் கொண்டார்கள்.

நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் நுணுக்கமான வேறுபாடு ஒன்று உண்டு. போதை தரும் திரவம் நஜீஸ். போதை தரும் செடி தன்னளவில் நஜீஸ் அல்ல. ஆகவே மருந்துத் தேவை, சிறிதளவு பற்றிய சட்டங்களில் இரண்டுக்கும் சில வித்தியாசங்கள் பேசப்பட்டிருக்கின்றன. போதைக்காக உட்கொள்வது ஹராம் என்பதில் வித்தியாசம் இல்லை. இதே மத்ஹபைச் சேர்ந்த இமாம் ஸர்கஷீ (ரஹ்), ஹிஜ்ரி 794-இல் வபாத்தானவர், ஹஷீஷின் தடை பற்றியே ஒரு தனி நூல் எழுதினார்கள்.

போதை அறவே இல்லாத, தூய சி.பி.டி. மருந்து, வைத்தியர் எழுதித் தரும்போது, வேறு கேள்வி. அதை ஆலிமிடமும் வைத்தியரிடமும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் பூவைப் பற்றவைப்பவருக்கு அந்தக் கேள்வியின் வாசல் திறப்பதில்லை. என் சமுதாயத்தில் ஒரு கூட்டம் மதுவுக்கு வேறு பெயர் வைத்து அருந்தும் என்று நபியவர்கள் எச்சரித்த செய்தி சுனன் கிரந்தங்களில் இருக்கிறது. பெயர் மாறினால் பொருள் மாறாது என்பதை, மூலக்கூற்று நிறை தெரியாத காலத்திலேயே நமக்குச் சொல்லிவிட்டார்கள்.

நான் கொடுக்கும் பதில்

கேட்டு வருபவருக்கு நான் நேராகவே சொல்வது இது. பூ என்றால், பெக்கட்டில் எது எழுதியிருந்தாலும், எந்தச் சதவீதம் போட்டிருந்தாலும், இலங்கைக்குக் கொண்டு வர வேண்டாம், வளைகுடாவுக்குக் கொண்டு போகவும் வேண்டாம். எண்ணெய், மிட்டாய், குளிசை என்றால், உள்ளே என்ன என்று லேபலை நம்பித் தீர்மானிக்க வேண்டாம். நோய்க்கு மருந்து வேண்டுமானால், இங்குள்ள வைத்தியரின் சீட்டும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் உள்ள மருந்தையே கேளுங்கள். அடுத்தவர் பொட்டலத்தை, அவர் சொந்த மச்சானாக இருந்தாலும், திறந்து பார்க்காமல் பைக்குள் வைக்காதீர்கள்.

பிள்ளைகளோடு பேசும்போது, "ஹெம்பும் கஞ்சாவும் ஒண்டுதான்" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிடவும் வேண்டாம். அவர்கள் கையில் போன் இருக்கிறது, இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாக அதில் வாசித்திருப்பார்கள். 0.877 என்ற எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளை அந்தக் கணக்கை இரண்டு நிமிடத்தில் தானே போட்டுப் பார்க்கும். தான் போட்ட கணக்கை அது யாருக்காகவும் மறுக்காது. அல்லாஹ் மிக அறிந்தவன்.